ஆள் இருக்கறேன், பதவி இல்லை

அன்னூரிலிருந்து கோவைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஆசிரியைகள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. இளையவர் சொன்ன ஒன்றைக் கேட்டுத்தான் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

“எங்க பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர் நான் இருக்கறனுங்க அக்கா. ஆனா ஹெட்மாஸ்டர் பதவிதான் இல்லையாமுங்க.”

“அதெப்படி கண்ணு?”

“புள்ளைங்க எண்ணிக்கை கொறஞ்சுபோச்சாமா. அதனால பதவியவே அந்தியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாத்திப்போட்டாங்க. என்னையும் அங்கயே போகச் சொல்றாங்க.”

“நெசமாலுமே கொறஞ்சுதா?”

“எண்ணுன அன்னிக்குக் கொறஞ்சுதானுங்க இருந்துச்சு. அப்ப மில்லு மூடிக் கெடந்துச்சு, வேலை செய்யறவங்க எல்லாம் புள்ளைங்களோட ஊருக்குப் போயிட்டாங்க. இப்ப மில்லு தொறந்து அத்தனை பேரும் திரும்பி வந்துட்டாங்க.”

“அதை ஆபீஸ்ல சொல்றதுதானே?”

“சொன்னனுங்க. வந்தது சந்தோசம், ஆனா அடுத்த வருசம் எண்ணறப்பத்தான் கணக்குல வருவாங்கங்கறாங்க. அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க யாரு கணக்குலீங்க அக்கா? எனக்கு ஒண்ணுமே புரியல.”

மூத்தவருக்கும் புரியவில்லை போலிருந்தது.

இளையவரின் போன் அடித்தது.

“சொல்லு அம்மணி. சின்னவளையும் நம்ம பள்ளிக்கூடத்துலயே சேர்க்கோணுமா? அதுக்கென்ன, திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துரு.”

அவர் போனைப் பையில் வைக்கும்வரை மூத்தவர் காத்திருந்தார்.

“திங்கக்கிழமை நீ அங்க இருப்பியா கண்ணு?”

“தெரியலீங்க அக்கா. வரச் சொல்லிப்போட்டேன்.”