அலமாரிக்குள் மாமியார்

படம் நல்ல படம்தான் ஐயா. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த டி.வி.டி.யை நீங்கள் எடுத்து வைத்திருப்பதாக ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். வேலை முடிந்ததும் வெள்ளைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அது முதலில் மேடை நாடகமாம், அவருடைய அம்மா அதில் பாடியிருக்கிறார். ஜெர்மனியில் பெரிய சண்டை நடந்த காலத்தில் அதையே படமாக எடுத்திருக்கிறார்கள்.

அவர் எங்கள் கம்பெனியில் பனியன் வாங்கும் பையர். போன சித்திரையில் வந்தபோது படத்தை எங்களுக்குக் காட்ட ஆசைப்பட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பேக்கிங் ஹால் ஜன்னல்களில் கறுப்பு பாலித்தீன் ஒட்டிப் படத்தைப் போட்டார்கள். மேனேஜர் குமாரவேல் முன்னால் நின்று விளக்கினார்.

"வெளியில குண்டு உழுந்துட்டு இருக்கறப்ப உள்ளார ஆடிப் பாடி எடுத்தாங்களாமா. சனம் கஷ்டத்த மறந்து சிரிக்கோணும்னு. நீங்களும் நல்லாச் சிரிங்க கண்ணுகளா, பையர் பாக்கறாரு."

பையர் வரும் நாளில், கணக்கில் காட்டாத, இ.எஸ்.ஐ. கார்டு இல்லாத ஆட்களுக்கு லீவு. எங்கள் தொழிலில் அது வழக்கம். என் வீட்டுக்காரி ஒச்சாயிக்குக் கார்டு கிடையாது. பிசிறு வெட்டுகிற வேலை. பஞ்சுத் தூசியில் அவளுக்கு மூச்சிழுப்பு வேறு. வேலம்பாளையத்து வீட்டிலேயே இருடி என்றுதான் சொன்னேன்.

"ஏய்யா, படம் காட்டுறாகளாம்ல. நானும் வாரேன்."

"வெள்ளைக்காரன் பாஷை உனக்கு வெளங்குமாக்கும்?"

"சிரிக்கிறதுக்கு எதுக்குய்யா பாஷை? நீயுந்தான் கட்டுன நாள்ல இருந்து பேசுற. என்னைக்காச்சும் சிரிச்சிருக்கேனா?"

வந்தாள். பையர் காரும் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னால் வந்துவிட்டது. குமாரவேல் அவளைப் பார்த்ததும் என்னிடம் ஓடி வந்தார்.

"காசியண்ணா, துணி குடோனுக்குள்ள உட்டுப் பூட்டிப்போடுங்க. பையர் போனதுந் தொறந்துக்கலாம்."

பூட்டினேன். தகரக் கூரை போட்ட குடோன், ஹாலின் பின்சுவரை ஒட்டியது.

படத்தில் ஒரே வீடு, வீடு முழுக்கக் கதவு. ஆள் மாற்றி ஆள் நுழைகிறார்கள், முத்தமிடுகிறார்கள், திடீரென்று பாடுகிறார்கள். மாப்பிள்ளை தன் மாமியாரை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறான். அந்த அம்மாள் உள்ளேயிருந்து தட்டுகிறாள். தட்டத் தட்ட ஹாலே சிரித்தது. குமாரவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை ஐயா.

பையர் போனபின் குடோன் கதவைத் திறந்தபோது ஒச்சாயி துணி ரோல்கள்மேல் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது, மூச்சு இல்லை. பின்கேட் வழியாக, துணி ஏற்றும் ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவள் வீட்டில் இறந்தாள், கம்பெனியில் வேலையே பார்த்ததில்லை என்று எழுதிக் குமாரவேல் கையெழுத்துக் கேட்டார். நாற்பது வயதில் அறிவொளி வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். கூட்டிக் கூட்டி முழுதும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

அதன்பின் ஒரு வருடம் அவருக்குத் தினமும் வணக்கம் சொன்னேன்.

இந்தச் சித்திரையிலும் பையர் வந்தார். நாங்கள் சிரித்தது அவருக்குப் பிடித்திருந்ததாம். குமாரவேலே கேட்டு வாங்கி அதே படத்தைப் போட்டார். அலமாரிக் காட்சி நெருங்கும்போது அவர் காதருகே போனேன்.

"சார், கார்டு இல்லாத பொம்பள ஒண்ணு குடோன்ல ஒளிஞ்சிருக்கு."

ஓடினார். உள்ளே போனதும் வெளியே பூட்டினேன். நான்கு நாளாகச் சேர்த்து வைத்திருந்த வெட்டுத் துணிக் கழிவைக் கதவடியில் செருகிப் பற்றவைத்தேன். பனியன் துணி பொங்கி எரியாது. நிதானமாகப் புகையும். எனக்கும் அவசரம் இல்லை.

"காசியண்ணா, தொறந்துடுங்க. புள்ளகுட்டிக்காரனுங்க நானு."

அந்த நிலையிலும் மரியாதை விடவில்லை. இந்தப் பக்கத்துக்காரர்கள் அப்படித்தான். அவர் தட்டினார், ஹாலில் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கும்வரை கதவருகிலேயே நின்றேன்.

கடைசியாக இருமிக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். எதையும் விடாமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

"அன்னைக்கு நாந்தானுங்களே வந்து சொன்னேன். படத்துல அலமாரியத் தொறந்த பொறகும் தட்டற சத்தம் கேக்குது, போய்ப் பாருங்கன்னு. சாவி உங்ககிட்டத்தான இருந்துச்சு. பாட்டு முடியட்டும்னீங்களே."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் மேனேஜர். எழுந்து போய்த் திறடா என்று என்னை அதட்டியிருக்க வேண்டாமா? நான் கூலிக்காரன் ஐயா. பாட்டு வேறு அவ்வளவு நன்றாக இருந்தது.