இருபத்தேழு வரவே கூடாது

தலைவி: மறுபடியும் இருபத்தேழா?

மேடை: மறுபடியும் இருபத்தேழுதான். வேணும்னா நீங்களே கூட்டிப் பாருங்க.

தலைவி: ஏது, மரியாதை பலமா இருக்கு? மூணு வருஷமா ஒரே வகுப்புடா நாம...

மேடை: வகுப்புத் தலைவி கூப்பிட்டாங்க, கணக்குப் பார்க்க வந்தேன். மத்தபடி உங்களுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.

தலைவி: ஒரு மாசம் ஆச்சு. எல்லார் முன்னாடியும் உன் நிரூபணத்தைப் பலகையிலேர்ந்து பாதியிலேயே அழிச்சது தப்புதான். ஆனா நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில உண்மைன்னு எழுதி வெச்சா...

மேடை: சீட்டைப் படிங்க.

தலைவி: சரிங்க ஐயா. வகுப்புல நாம ஒன்பது பேர். அவங்கவங்க எத்தனை பேரோட பழகுறோம்னு பேர் போடாம எழுதினோம். அஞ்சு, நாலு, நாலு, மூணு, மூணு, மூணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு.

மேடை: இருபத்தேழு. வரவே கூடாத எண்!

தலைவி: ஏனாம்? ஊரே உன்னை மேடைன்னு கூப்பிடுது, மேடையில சொல்ற மாதிரி சொல்லேன்.

மேடை: ஆளுக்கு ஒரு புள்ளி. பழகுற ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டையும் ரெண்டு முனையிலேயும் எண்ணுறாங்க. அப்போ எத்தனை கோடு இருந்தாலும் மொத்தம் இரட்டைப்படைதானே?

தலைவி: ஆமா. ஆனா வந்தது ஒற்றைப்படை...

மேடை: ஆகவே தோழர்களே! ஒரு முனையில் எண்ணப்பட்ட நட்பு, மறு முனையில் மறைக்கப்பட்டிருக்கிறது! எழுதுகோல் பிடித்த கைக்கு உண்மையை எழுதும் துணிவு வேண்டாமா? ஊருக்கெல்லாம் சமத்துவம் பேசிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டின் முன்னால் மண்டியிட்ட அந்தக் கோழை யார்?

தலைவி: மூச்சு விடு, மூச்சு விடு... தோழர்கள் யாரும் இல்லை, நான் ஒருத்திதான்.

மேடை: ...ஒரு வேகத்துல வந்துருச்சு.

தலைவி: மத்த ஏழு பேரையும் கேட்டுட்டேன். யார் யாரை எண்ணினாங்கன்னு எல்லாம் பொருந்துது.

மேடை: அப்போ மிச்சம்...

தலைவி: நீயும் நானும். நான் எழுதினது அஞ்சு.

மேடை: அஞ்சா? நெட்டை, கண்ணாடி, இரட்டையர் ரெண்டு பேர்... நாலுதானே வருது?

தலைவி: அஞ்சாவது ஆள் எதிர்ல உட்கார்ந்து வாங்க போங்கன்னு உயிரை வாங்குறான்.

மேடை: என்னையா எண்ணினீங்க?

தலைவி: உன்னைத்தான். நேத்தே தனியா உட்கார்ந்து கூட்டிட்டேன்டா. விட்டுப்போனது எந்தக் கோடுன்னும் தெரியும். உன்னைப் பேச வைக்கத்தான் கூப்பிட்டேன். என்னை எண்ணாம நாலுன்னு எழுத உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

மேடை: வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது? நீயும் என்னை விட்டிருந்தா மொத்தம் இரட்டைப்படையில போய் நின்னிருக்கும்... ஒற்றைப்படை வரணுமேன்னு ரெண்டு நாளா சோறு இறங்கலை, தெரியுமா?