விளிம்பில் இருக்கும் எண்

வெள்ளியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பது நல்ல பழக்கம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தக் கேடயத்தைக்கூட யாரோ தினமும் துடைக்கிறார்கள் போலிருக்கிறது. அதில் எழுத்து வெட்டியவள் நான்தான் மேடம், எங்கள் கடையில், ஆறு வருஷத்துக்கு முன்னால். அன்று வெட்டிய ஆழம் இப்போது இல்லை. இன்னும் கொஞ்ச காலம் இப்படியே துடைத்தால், யாருக்கு எதற்குக் கொடுத்தது என்பதே தெரியாமல் போய்விடும். துடைக்கிறவரிடம் சொல்லுங்கள். கோபப்படாமல் சொல்லுங்கள், பாவம், நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

நீங்கள் தண்ணீர் கொடுத்த இந்த டம்ளரின் விளிம்பை நான் நகத்தால் தடவிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறீர்கள். பயத்தால் இல்லை. சின்ன வயதிலிருந்தே என் கை சும்மா இராது. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாகப் பெயர் வெட்டுகிறேன். பரிசுக் கோப்பை, கேடயம், வாசல் பலகை. அந்த வேலையில் இருந்ததால்தான் பழைய பதக்கங்கள்மேல் ஆசை வந்தது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் சிப்பாய்களுக்கும் சுமைகாரர்களுக்கும் கொடுத்த பதக்கங்கள். வெளியாள் அதைக் கையில் எடுத்தால் முகப்பில் இருக்கும் ராஜாவையோ ராணியையோ பார்ப்பார். பதக்கம் சேர்க்கிற நாங்கள் உடனே விளிம்பைத் திருப்புவோம். முகப்பில் இருப்பவர் ஆயிரம் பதக்கத்திலும் ஒருவரே. வாங்கியவன் விளிம்பில்தான் இருக்கிறான். எண், பதவி, பெயர், படைப்பிரிவு. ஒரு நெல்லின் அகலத்துக்குள் ஒரு ஆள்.

என் தம்பி என்னோடுதான் இருக்கிறான். அவனுக்கு இது பிடிக்காது. "நம்ம ஆளுங்களைச் சுமக்க வச்சவன் குடுத்த தகரத்தைப் பட்டுத்துணி போட்டு வச்சிருக்கியே அக்கா, உன்ன மாதிரி நாலு பேர் இருந்ததாலதான் அவன் அவ்வளவு நாள் சௌகரியமா உக்காந்திருந்தான்" என்பான். கொடுத்தவனை நான் சேர்க்கவில்லை, வாங்கியவனைத்தான் சேர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான்.

பதக்கங்கள் பல வந்தாலும், நான் முழுதாகச் சேர்க்க நினைத்தது ஒரே ஒருவரை. மலைப் படையில் கோவேறு கழுதை ஓட்டியவர். நான் அவரைக் கழுதைக்காரர் என்றுதான் சொல்வேன். முழுப் பெயர் விளிம்பில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். எண் 1438. முதல் பதக்கம் வெள்ளி உருக்கும் கடையில், உலையில் போடவிருந்த குவியலில் கிடைத்தது. கால் மணி நேரம் பிந்தியிருந்தால் யாருடைய கொலுசாகவோ ஆகியிருப்பார். அப்புறம் பழைய ஆவணங்களைத் தேடித் தேடிப் படித்தேன். அந்தப் பெயரில் நான்கு பதக்கங்கள் பதிவாகியிருந்தன. அவர் இறந்த பிறகு பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். பாசத்தில்தான் செய்வார்கள், ஆனால் ஒரு மனிதனை நாலு துண்டாக்கி நாலு வீட்டுப் பெட்டியில் போடுவதுதான் அது. இரண்டாவதைக் கண்டுபிடிக்க மூன்று வருஷம். மூன்றாவதற்கு ஐந்து. நான்காவது, வீரத்துக்காகக் கொடுத்தது. ஆவணத்தில் பெயரும் படைப்பிரிவும் மட்டும் இருந்தன, எண் இல்லை.

அந்த மூன்றையும் பட்டுத்துணியில் வைத்து, நான்காவதற்கு இடம்விட்டிருந்தேன். அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் என்னால் உட்கார முடியாது. எழுந்து நடப்பேன். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிப் போகுமே, அந்த மாதிரி.

நான்காவது இருந்த வீடு எங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். மூன்றாம் மாடி. தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற அம்மா. தனியாக இருந்தார். ஒரே மகன், கப்பலில் வேலை. வாசல் பலகை செய்யச் சொல்லிக் கடைக்கு வந்தவர், பேச்சுவாக்கில், "எங்க தாத்தாகூட மெடல் வாங்கினவருதான்" என்றார். பெயரைக் கேட்டேன். கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது அவர் கதவைத் திறந்து, "வாடி மெடல்காரி, உக்காரு. தாத்தாவைக் குளிப்பாட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

குளிப்பாட்டுவது என்றால் துடைப்பது. ஞாயிறு தவறாமல், பற்பொடியைத் தண்ணீரில் குழைத்து, பழைய புடவைத் துண்டால் தேய்ப்பார். முகப்பில் இரண்டு தேய்ப்பு, பின்பக்கம் இரண்டு. மிச்சமெல்லாம் விளிம்பில்தான். "அந்தக் கீறல்லதானே அழுக்கு போய் அடையுது" என்பார். அந்தக் கீறல்தான் பெயர்.

நான் சொல்லாமல் இல்லை. பல முறை சொன்னேன். கறுத்த வெள்ளிதான் நல்ல வெள்ளி, அந்தக் கறுப்புதான் அதற்குப் போர்வை என்றேன். அவர் கேட்டுக்கொண்டே தேய்த்தார். "கறுப்பா இருந்தா தாத்தா கோச்சுக்குவாரு. ரொம்ப டீக்கா டிரஸ் பண்றவராம்." காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதில் ஹேர்பின்னும் இளைப்பு மாத்திரையும் இருந்தன. என்னிடம் இருந்த வேறு நல்ல பதக்கங்கள் எல்லாவற்றையும் தருகிறேன், இது ஒன்றைத் தாருங்கள் என்றேன். "தாத்தாவை மாத்திக்கிட்டு யாருடி வேற தாத்தா வாங்குவா" என்று சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார்.

தொட விடமாட்டார். "உன் கை உளி பிடிக்கிற கை, கீறிடும்" என்று தானே பிடித்துக் காட்டுவார், ஒரு முழ தூரத்தில். பொடி காய்ந்து வெள்ளையாக அடைத்திருந்த எழுத்துகளை அப்படியே படித்தேன். பெயர் சரியாக இருந்தது. எண்ணின் முதல் மூன்று இலக்கமும் தெளிவு. கடைசி இலக்கம் எட்டு.

ஒருநாள் வேறு வழியில்லாமல் நேராகவே சொன்னேன். அம்மா, நீங்கள் தேய்க்கத் தேய்க்க அவர் பெயர் அழிகிறது. இன்னும் சில வருஷத்தில் அவர் யார் என்றே தெரியாது. அவர் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவரு பேரு எனக்குத் தெரியும் கண்ணு. இதுல அழிஞ்சா தாத்தா அழிஞ்சிடுவாரா என்ன?"

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். படி இறங்கி வந்துவிட்டேன். வீட்டில் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தேன். தம்பி, "தரை தேயுதுக்கா" என்றான். அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான், எனக்கு அந்தச் சொல்லையே கேட்க முடியவில்லை. வாரத்தின் ஆறு நாளும் நான் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமையே கை ஊறத் தொடங்கிவிடும். அந்த மாதம் ஒரு பள்ளிக்கூடக் கோப்பையில் முதல் பரிசுக்குப் பதில் இரண்டாம் பரிசு என்று வெட்டிவிட்டேன். "ஏம்மா, ஓடி ஜெயிச்சவனை ஒரே உளியில தோக்க வச்சுட்டியே. அவன் அப்பன் வந்தா நீயே பேசு" என்றார் முதலாளி. அத்தனை வருஷத்தில் என் முதல் பிழை அது.

சரி, தேய்ப்பதை நிறுத்த முடியாது, பொடியையாவது மாற்றலாம் என்று நினைத்தேன். எங்கள் கடையில் கடைசி மெருகுக்கு வைத்திருக்கும் சுண்ணப் பொடி, மாவைவிட நைஸானது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பற்பொடி அளவுக்கு அது எழுத்தை அரிக்காது. அவருக்கும் பிடித்தது. குழைக்காமல் உலர்ந்தபடியே தூவித் தேய்த்தார். அது புகைபோல மேலே எழும்பும். அவருக்கு இளைப்பு உண்டென்று சொன்னேன் அல்லவா. அந்தப் பொடி வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அவருக்கு மூச்சு இழுத்தது. இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தால் அடங்கும். நான் அதைக் கவனித்தேன். பழைய பொடிக்கு மாறிவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பழைய பொடி விளிம்பை அரிக்கும்.

அந்த ஞாயிறு காலை பத்து மணி. நல்ல வெயில். கப்பலிலிருந்து மகன் பேசிவிட்டு வைத்திருந்தான், அவர் மகிழ்ச்சியாக இருந்தார். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். ஃப்ரிட்ஜின்மேல் இன்ஹேலர் இருந்தது. அதை என் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அப்போது நான் ஒரு முடிவும் செய்திருக்கவில்லை. பையில் போட்டேன், அவ்வளவுதான். எந்த நேரமும் எடுத்துக் கொடுத்திருக்க முடியும்.

அவர் அன்று விளிம்பை வழக்கத்தைவிட அதிக நேரம் தேய்த்தார். மகன் வரப்போகிறானாம், அவனுக்குக் காட்ட வேண்டுமாம். பிறகு இருமினார். பிறகு மூச்சு இழுத்தது.

"ஃப்ரிட்ஜ்மேல பாரு கண்ணு" என்றார்.

பார்த்துவிட்டு, அங்கே இல்லையே அம்மா என்றேன். தேடினேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அலமாரி, இழுப்பறை, தலையணை அடி, எல்லா இடத்திலும் ஒழுங்காகத் தேடினேன். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. "பதறாதடி... அங்கதான்... இருக்கும்" என்றார். நான் பதறவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையில் பதக்கம் இருந்தது. விரல்கள் தாமாகத் தளரும்வரை காத்திருந்தேன். இழுத்தால் கீறல் விழும்.

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். டாக்டர் வந்தார். ரொம்ப நாள் இளைப்பு, தனியாள், வயது, என்று எழுதிக் கொடுத்தார். ஒருவரும் எதையும் கேட்கவில்லை. அழுகையாக வந்தது. உண்மையாகவே வந்தது.

இன்ஹேலரை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்டீர்கள். என் தம்பியும் அதைத்தான் கேட்டான். எங்கள் பழக்கம் அது மேடம். ஒரு பொருள் கைக்கு வந்தால் உறையில் போட்டு, எந்த நாள், எந்த இடம், யாரிடமிருந்து என்று எழுதுவோம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பொருளுக்கு மதிப்பே இல்லை. அன்று எனக்கு இரண்டு பொருள் வந்திருந்தன. இரண்டு உறை எழுதினேன். மகன் ஊருக்கு வந்து, அம்மாவின் மெடலைக் காணோமே என்று கடைத்தெருவெல்லாம் விசாரித்தது தம்பி காதில் விழுந்திருக்கிறது. அவன் என் இழுப்பறையைத் திறந்திருக்கிறான். இன்ஹேலர் உறைமேல் எழுதியிருந்ததை என் எதிரிலேயே சத்தமாகப் படித்தான், "அக்கா, இது என்னக்கா" என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் எதையும் சேர்த்தது கிடையாது, அவனுக்குப் புரியாது.

இதுவரை சொன்னதில் எதையும் மறுக்க மாட்டேன். நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன். கையெழுத்தும் போடுகிறேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் நீங்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது.

அன்று மாலை பதக்கத்தை வீட்டில் வைத்து, மூங்கில் குச்சியால் எழுத்துகளில் அடைத்திருந்த பொடியை எடுத்தேன். பெயர் வந்தது. 1, 4, 3 வந்தன. கடைசி இலக்கத்தில் பொடி உதிர்ந்ததும் அதன் இடது பக்கம் திறந்துகொண்டது. லென்ஸ் வழியாகப் பார்க்க அது மூன்று மாதிரி இருந்தது.

ஒரே படைப்பிரிவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது வழக்கந்தான். அதற்காகத்தான் எண்ணே கொடுத்தார்கள். பெயரை நம்பாதே, எண்ணை நம்பு என்று புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நானே சொல்வேன். 1433 என்றால் அது வேறு ஆள். அந்த அம்மாவின் தாத்தா யாரோ, என் கழுதைக்காரர் யாரோ. அறைக்குள் நடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தம்பி இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்புறம் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். அத்தனை ஞாயிறு தேய்த்தால் எட்டின் இடது பக்கம் தேயாமல் என்ன செய்யும்? நான் முதலில் பார்த்தபோது அது எட்டு. இருபத்திரண்டு வருஷமாக எழுத்து பார்க்கிற கண். விளிம்பை அழித்து வேறு எண் வெட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் ஒரே மேசையில் டீ குடிக்க மாட்டேன். நான் செய்தது அது இல்லை. மிக நுண்ணிய உளியை எடுத்து, தேய்ந்துபோன இரண்டு சிறு வளைவுகளை இருந்த இடத்திலேயே திரும்ப எடுத்துவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. கை துளிகூட நடுங்கவில்லை.

நான்கையும் வரிசையாக வைத்தேன். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று என்று உங்கள் நிபுணர் சொல்லக்கூடும். அவர் லென்ஸை வைத்துப் பார்ப்பார், புது வெட்டு பழைய வெட்டு என்று பேசுவார். அந்த அம்மாவைப் பற்றி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், கொலை என்றே எழுதுங்கள். எண்ணை மட்டும் எட்டு என்று எழுதுங்கள்.