குஸ்கா சைவம்

ஞாயிற்றுக்கிழமை மதியம், திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையின் பார்சல் வரிசையில் நின்றிருந்தேன்.

"குஸ்கா சைவந்தான் தம்பி. அதுல பீஸ் கிடையாதுல்ல" என்று எனக்கு முன்னால் ஒரு குரல் கேட்டது. நெற்றி நிறைய விபூதியோடு ஒரு பெரியவர். பக்கத்தில் நின்ற இளைஞர் அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"கறி வெந்த தண்ணியிலதான சார் அந்தச் சோறும் வேகுது?"

"வெந்தது கறி. நான் திங்கிறது சோறு."

"ஒரு நா கருவாடு வறுத்ததுக்கு எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டீங்களே."

"கருவாடு தெருவுக்கே தெரியும்ப்பா. குஸ்கா யாருக்குத் தெரியும்?"

அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "வாங்க சார். வழக்கம்போல குஸ்காவுக்கு அடியில ஈரல் வச்சுரவா?"

வரிசை சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. பார்சலை வாங்கி, கோயில் பெயர் போட்ட மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணாந்தேதி சாவி வந்துரணும். அடுத்து குடிவாரவுக சுத்த சைவம்."

"அவுகளுக்கும் ஈரல் அடியிலதானா சார்?"