ஹீட்டரில் கரைத்த புளி

சிங்காநல்லூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி. கணவர் மடியில், ரிப்பேருக்குப் போகும் வாட்டர் ஹீட்டர் காயில். அதில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது.

“ஹீட்டருக்குள்ள யாராச்சும் புளியக் கரைச்சு ஊத்துவாங்களா?” என்றார் மனைவி.

“ஏன் அம்மணி, செப்புக் கொடத்த நீ புளி போட்டுத்தான தேய்க்கறே? போர்த் தண்ணி உப்பும் அப்படியே உட்டுப்போகும்னு நெனச்சேன்.”

“கொடத்த நான் கழுவிப்போட்டுத்தானுங்க தண்ணி புடிக்கறேன்! நீங்க கழுவாமயே சுச்சப் போட்டுட்டீங்க. கல்யாணமாகி மொதமொதல்ல வந்த மாப்பிள்ளை அந்தத் தண்ணியிலதான் குளிச்சாரு.”

“அவரு ஒண்ணுஞ் சொல்லலயே?”

“உங்ககிட்டச் சொல்லலீங்க. தலையத் தொவட்டிக்கிட்டே வந்து, ‘ஏனுங்கத்தை, இன்னைக்குப் புளி ரசமுங்களா? வாசம் தூக்குது’ன்னாரு. அன்னைக்கு நான் வெச்சது கோழிக் கொழம்புங்க!”