மூன்றாம் தீர்மானத்துக்கு ஒன்பது கைகள்

அன்று கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். கதவோரம் நாற்காலியில் தலைவர் குழந்தைசாமி. பக்கத்து மேசையில் செயலாளராகிய நான், பிராங்க்ளின். எதிரே பாயில், சுவரில் சாய்ந்து, இல்ல உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒன்பது பெண்களுக்கும் கண் தெரியாது. வெங்காய போண்டா சொல்லியிருந்தேன், சூடாகவே வந்தது.

ஆவூர்ச் சாலையில் இந்த இல்லத்தைப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். ஸ்தாபக உறுப்பினர்களில் நானும் தலைவரும்தான் மிச்சம். இதை நடத்தும் எங்கள் சங்கத்தின் பதினான்காவது விதிப்படி, இல்லத்தை மூடவோ அந்த விதியைத் திருத்தவோ, இல்ல உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் கை தூக்க வேண்டும். அதை எழுதியவனே நான்தான். அப்போது என் முழங்கால் நன்றாக இருந்தது.

மூன்று வருடமாக என் இடத்துக்கு ஆள் தேடினேன். கிடைக்கவில்லை. மனைவி ஷர்லி படுத்த படுக்கை. அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஓடிவந்தால், இங்கே ஒருத்தி வழுக்கி விழுந்து கிடப்பாள். வெளியூர் இல்லங்கள் மூன்று, தலா மூன்று பேரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தன. இதற்கு முன் இரண்டு கூட்டங்களில் கெஞ்சிக் கேட்டேன்.

"எங்களப் பிரிச்சு விட்டுறாதீங்க சார். அழகி சத்தம் கேக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது," என்றாள் செவந்தி.

"என் கொறட்டையைச் சொல்றா," என்றாள் அழகி.

சிரித்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

வருகைக்குக் கை தூக்கச் சொல்லி முதலில் எண்ணுவது எங்கள் வழக்கம். போண்டா வந்த இந்தக் கூட்டத்தில் அதைக் கடைசிக்குத் தள்ளினேன். தலைவருக்குக் காது அறவே கேட்காது. தாளில் மூன்றாவது தீர்மானம், இல்ல உறுப்பினர்களின் ஓட்டுரிமையை நீக்குவது. அது போனால், இல்லத்தை மூட நானும் தலைவரும் போதும். அவருக்கு மூன்று விரல் காட்டினேன். பாயைப் பார்த்து, "வந்தவங்க கையைத் தூக்குங்க, எண்ணிக்கிறேன்," என்றேன். அழகி இரண்டு கையையும் தூக்கினாள். "ஒண்ணு போதும் ஆத்தா," என்றேன். தலைவர் ஒன்பது கைகளைப் பார்த்தார், கையெழுத்திட்டார்.

ஒன்பது பேரும் கை தூக்கித் தீர்மானம் நிறைவேறியதாகச் சொல்லி, அவர்களை ஏற்றிப்போக வேன் வரும் தேதியையும் சொன்னேன். செவந்தி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க எப்ப சார் கை தூக்குனோம்? யாரோ தலைவர ஏமாத்திருக்காங்க. ஒங்களுக்கே தெரியாம நடந்துருக்கு. நாங்க போக மாட்டோம்னு சங்கப் பதிவாளருக்கு எழுதுங்க சார்."

அவர்களுக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் நான்தான். 'நாங்கள் ஒன்பது பேரும் மனமுவந்து சம்மதித்தே கை தூக்கினோம்' என்று எழுதினேன். படித்துக் காட்டும்போது செவந்தி சொன்னதையே படித்தேன். ஒவ்வொருத்தியின் கட்டைவிரலையும் மையில் தொட்டு வைத்தேன். செவந்தியினுடையது அப்பிவிட்டது. ரேகை தெளிவாக விழ வேண்டுமே என்று, அவள் விரலை மட்டும் துடைத்து மறுபடி வைத்தேன்.

தபாலாபீசில் உறையைப் பசை தடவி ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்தேன். இந்தப் பத்தொன்பது வருடத்தில், அவர்கள் எழுதச் சொன்ன ஒரு கடிதத்தைக்கூட நான் மறுநாளைக்குத் தள்ளிப்போட்டதில்லை.