படியில் வைத்த வாளி

இல்ல தம்பி, டைல்ஸைத் தட்டாத. உனக்கு முன்னாடி வந்துட்டுப் போன ஆளு தட்டித் தட்டி ரெண்டு டைல்ஸ் கையோட வந்துடுச்சு. எந்திரி. டார்ச்சை அணை. பட்டப்பகல்ல எதுக்கு டார்ச்சு?

பம்பு எரிஞ்சதுதான் எனக்கே தெரியுதே. ஏன் எரிஞ்சுது, அதைச் சொல்லு. ம்... அதேதான். சுவத்துல தண்ணியை இழுக்கற அந்தச் சதுர வாய்க்குக் கீழ தண்ணி போயிடுச்சு, பம்பு காத்தை இழுத்து வெந்து போச்சு. பரவால்ல, உனக்கு வேலை தெரியுது. போன ஆளு வோல்டேஜுன்னான். அவன் மூஞ்சி.

அந்த வலையா? இலை அள்ளற வலை. வளைஞ்சுதான் இருக்கு. அதை அப்படியே வை.

ஓட்டையான்னு கேக்கறியா? எனக்கே அவசரம் ஜாஸ்தி, நீ அதுக்கு மேல இருக்கியே. கேளு. சாயங்காலம் நான் இந்த நீச்சல் குளத்தை ரொப்பறேன். விடிஞ்சா ஒரு சாண் கொறையுது. போன ஆளு ஒரு வாளியில தண்ணி ஊத்தி முதல் படியில வெச்சான். வாளிக்குள்ள ஒரு கோடு, குளத்துல ஒரு கோடு. குளம் மட்டும் எறங்கினா ஓட்டை, ரெண்டும் எறங்கினா வெயில்ல காயுதுன்னு அர்த்தம்னான். அவன் சொல்றப்ப என் வீட்டுக்காரி அதோ அந்த ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்தா.

காலைல பார்த்தா குளமும் ஒரு சாண், வாளியும் ஒரு சாண்! அந்த மேதாவி, வெயில்தான் சார், மேல ஒரு மூடி போட்டுக்குங்கன்னுட்டுக் கெளம்பிட்டான். ராத்திரியில ஏதுய்யா வெயிலு? அடுப்புல ஏத்தினாக்கூட அவ்வளவு வத்தாதே.

சிரிக்காத. படிக்குப் பக்கத்துல எங்க பாத்ரூம் மக்கு கெடந்துச்சு. நீல மக்கு. எடுத்துட்டுப் போய் சத்தமில்லாம இருந்த எடத்துல வெச்சுட்டேன்.

ஆமா, அவதான். ராத்திரி பம்பு ரூம்ல வால்வைத் தொறந்து தண்ணியை வெளிய விடறா. பாவம், வெயில்ல எவ்வளவு காயும்னு அளவு தெரியல. வாளியிலயும் அதே ஒரு சாண் மொண்டு ஊத்தியிருக்கா.

கேக்கறதா? கேட்டா அவ பதில் சொல்லணும். அவ சொன்னா நான் சொல்லணும்.

என்னத்தையா... போன மாசம் நடுக்குளத்துல எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. கவுந்துட்டேன். அவளுக்கு நீச்சல் தெரியாது. எறங்கிப் பார்த்திருக்கா, கால் எட்டல. எனக்குத் தோளளவு தண்ணின்னா அவளுக்கு மூக்குக்கு மேல. ஏறிப் போய் அந்த வலையை எடுத்தாந்து, என் தலையில மாட்டி, குப்பையை இழுக்கற மாதிரி கரைக்கு இழுத்திருக்கா. அதுல வளைஞ்சதுதான் அது.

டாக்டரா? போகல. கால் வழுக்கிடுச்சுன்னேன். சரிங்கன்னா. மறுநாளும் எறங்கினேன். வேணாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேனோ என்னவோ. சொல்ல மாட்டா. சொல்ற மாதிரி நான் அவளை என்னிக்கு வெச்சிருந்தேன்? அன்னிலேர்ந்து நான் ரொப்பறதும், அவ எறக்கறதுமா ஓடுது. நடுவுல பம்பு செத்துச்சு.

அதனால ஓட்டையெல்லாம் தேடாத. சுவத்து வாயை அடைச்சிடு. புதுப் பம்பைக் குளத்து அடியில இருக்கற வழியில மட்டும் ஓட விடு. தண்ணி கொறைச்சலா நின்னாலும் ஓடணும். முடியுமில்ல? நல்லது.

இப்போ டீ எடுத்துட்டு வருவா. அவ காதுல விழற மாதிரிச் சொல்லு. சுவத்துல வெடிப்பு இருக்கு சார், சரி பண்ண முடியாது, இதுக்கு மேல தண்ணி நிக்காதுன்னு. நான் கத்துவேன். நீ அசையாத.

தண்ணி எந்த மட்டத்துக்கா? உட்கார்ந்து வாங்காத, எந்திரிச்சு நின்னு டீயை வாங்கு. அவ தோளு உனக்கு எது வரைக்கும் வருதுன்னு பார்த்துக்கோ. குளத்துச் சுவத்துல அந்த உயரத்துல போடு கோட்டை.